மிதந்த முட்டை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால் ஹால் வாசலில் கூட்டம். சுவரில் நீளமாக ஒரு காகிதம் ஒட்டியிருந்தார்கள். இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட காகிதம். கம்ப்யூட்டர் அடித்துக் கொடுத்ததாம்.

எல்லாரும் அதில் தங்கள் வீட்டுப் பெயரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். நானும் தேடினேன்.

என் மகள் பெயர் இல்லை.

எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஸ்டெல்லா என்ற பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கும் என்று தெரியும். அவள் நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் அட்டை போட்டுக் கொடுத்தவன் நான்தானே? மேலிருந்து கீழே பார்த்தேன். கீழிருந்து மேலே பார்த்தேன். பிறகு கூச்சமாகிவிட்டது. பின்னால் நின்றவர்களுக்கு வழி விட்டு நகர்ந்துவிட்டேன்.

அது என்ன பட்டியல்? எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த குடும்பங்களில், கல்யாண வயதில் இருக்கிற பிள்ளைகளின் பட்டியல். பெண்கள், பையன்கள் எல்லாரும் அதில் உண்டு. சாமியாரிடம் விவரம் கொடுத்து வைத்தால் பொருத்தமான இடத்தைச் சொல்லுவார். வழக்கமாக ஒரு டப்பாவில் அட்டை அட்டையாகக் கிடக்கும். இந்த வருடம்தான் கம்ப்யூட்டருக்குப் போனது.

என் வேலை என்னவென்று இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக ஒரு வரி... தாம்பரத்தில், டி.பி. ஆஸ்பத்திரிச் சமையலறையில் இருக்கிறேன். பால் காய்ச்சுவேன், முட்டை அவிப்பேன், கஞ்சி வைப்பேன். குடியிருப்பும் ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில்தான்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? பெண்ணைப் பெற்றவனாக இருந்து பாருங்கள்.

ஸ்டெல்லா டீச்சர் டிரெயினிங் முடித்து, கீழ்க்கட்டளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். பார்க்க வருகிறவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிடும். பேச்சுவாக்கில் என் வேலையைக் கேட்பார்கள். சொல்வேன். அதுவரை வாய்க்குப் போய்க்கொண்டிருந்த காபி டம்ளர் பாதி வழியில் நிற்கும். மெதுவாகக் கீழே இறங்கும். இப்போதுதான் வீட்டில் குடித்துவிட்டு வந்தோம் என்பார்கள். அவர்கள் போன பிறகு என் மனைவி ரெஜினா அந்தக் காபியை எடுத்துப்போய் முருங்கை மரத்தடியில் ஊற்றுவாள்.

எங்கள் முருங்கை நன்றாகக் காய்க்கிறது. காபி குடித்து வளர்ந்த மரம்.

சரி, கம்ப்யூட்டருக்கு வருகிறேன். எட்வின் என்று எங்கள் பங்குப் பையன் ஒருவன் இருக்கிறான். கிண்டிப் பக்கம் ஒரு பெரிய கல்வி நிலையத்தில் கம்ப்யூட்டர் அறையில் வேலை. அவன்தான் சாமியாரிடம், அட்டைகளைக் கொடுங்கள், மெஷினில் போட்டுத் தேடித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். சாமியார் எல்லாக் குடும்பங்களையும் ஹாலுக்கு அழைத்தார். என்னென்ன பார்க்க வேண்டும், எதையெல்லாம் கழிக்க வேண்டும் என்று கேட்டார்.

வயது என்றார்கள். படிப்பு என்றார்கள். உத்தியோகம் என்றார்கள். கடைசியில் பெருங்களத்தூர் ரோஸ்மேரி டீச்சர் எழுந்தார். ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. மகன் பாங்கில் வேலை.

"எல்லாம் சரி ஃபாதர். சீக்கு இருக்கற எடம் மட்டும் வேணாம். முக்கியமா டி.பி. அதை மொதல்ல கழிச்சுடுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஏன் ஆட்டினேன்? எல்லாத் தலையும் ஆடும்போது ஒரு தலை மட்டும் ஆடாமல் நிற்பதற்குத் தைரியம் வேண்டும். எனக்கு அது எப்போதுமே கம்மி.

அந்தக் கூட்டத்தின் விளைவுதான் சுவரில் ஒட்டிய காகிதம்.

வீட்டுக்கு வந்து ரெஜினாவிடம் சொன்னேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"மெஷினுக்குமா நம்ம வூட்டுக் காப்பி புடிக்கல?" என்றாள்.

எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. அன்றைக்கு வெகு நேரம் கல் பொறுக்கினாள்.

நானாக இருந்தால் அதோடு விட்டிருப்பேன். இல்லையென்றால் இல்லை... போய் யாரிடம் கேட்பது? ஸ்டெல்லா அப்படி விடவில்லை. சாயங்காலமே எட்வின் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். துணைக்கு என்னையும் இழுத்துப் போனாள்.

"அண்ணா, மெஷின்கிட்ட என்ன கேட்டீங்க?"

எட்வின் திருதிருவென்று விழித்தான்.

"சண்டை போட வரல. எந்தக் கேள்வில நான் விழுந்தேன்னு தெரியணும். அவ்ளோதான்."

அவனுக்கே தெரியவில்லை. ஃபாதர் கொடுத்த நிபந்தனைகளை வரிசையாகப் போட்டேன், யார் விழுந்தார்கள் என்று பார்க்கவில்லையே என்றான். நல்ல பையன். வெட்கப்பட்டான். சனிக்கிழமை மத்தியானம் வாருங்கள், மெஷினையே கேட்டுவிடுவோம் என்றான்.

சனிக்கிழமை மூன்று பேரும் மின்சார ரயிலில் கிண்டிக்குப் போனோம். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போனால் குளிர். வேப்பமரத்தடியில் வேலை செய்தால்கூட வேர்க்கிற ஊரில் இப்படி ஒரு அறையா? பெரிய கம்ப்யூட்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்தது டைப்ரைட்டர் மாதிரி ஒன்றுதான். அதில் ஆங்கில எழுத்துகளோடு வட்டம், அம்பு, முக்கோணம் என்று என்னென்னவோ குறிகள்.

ஏ.பி.எல். என்று ஒரு பாஷை இருக்கிறதாம். கம்ப்யூட்டரோடு பேசுகிற பாஷை.

"மத்த பாஷைல, மொத வரியை எடு, பாரு, அடுத்த வரியை எடு, பாருன்னு சொல்லிட்டே இருக்கணும் அங்கிள். இதுல அந்த வேலையே கெடையாது. பட்டியல் மொத்தத்தையும் ஒரே பொருளா வெச்சு ஒரு கேள்வி கேட்டுடலாம்."

கேட்டும் காட்டினான். ஒரே ஒரு வரி தட்டினான். மெஷின் கடகடவென்று பதில் அடித்தது. ஒன்றும் பூஜ்யமும்தான்... ஒரு ஆளுக்கு ஒரு எண் என்று நீளமாக ஒரு வரிசை. கேட்டது இருந்தால் ஒன்று. இல்லாவிட்டால் பூஜ்யம். அந்த வரிசையை அப்படியே பட்டியலின் மேல் வைத்து, நடுவில் சாய்வாக ஒரு கோடு போட்டால் போதுமாம். ஒன்று விழுந்த பெயரெல்லாம் நிற்கும். பூஜ்யம் விழுந்ததெல்லாம் போய்விடும்.

எனக்கு இது புரிந்தது என்றால் நம்புவீர்களா? புரிந்தது. நான் தினமும் செய்கிற வேலை அது.

ஆஸ்பத்திரிக்குக் கூடை கூடையாக முட்டை வரும். ஒவ்வொன்றாக எடுத்துக் குலுக்கிப் பார்த்தால் நோயாளிகளுக்குப் பகல் சாப்பாடு ராத்திரிதான் கிடைக்கும். அதனால் ஒரு பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டு எல்லா முட்டையையும் ஒன்றாக இறக்கிவிடுவோம். நல்லது அடியில் கிடக்கும். கெட்டது தானே மேலே வரும். தொட்டிக்கு ஒரே கேள்விதான். ஒவ்வொரு முட்டையும் அதனதன் பதிலைச் சொல்லிவிடும்.

இதை ஸ்டெல்லா காதில் சொன்னேன். அவள் உரக்கச் சொல்லிவிட்டாள். எட்வின் சிரித்து, அடுத்த தடவை யாராவது கேட்டால் இதையே சொல்கிறேன் என்றான். நான் டைப்ரைட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நிபந்தனைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். வயதில் ஸ்டெல்லாவுக்கு ஒன்று. படிப்பில் ஒன்று. உத்தியோகத்தில் ஒன்று. டி.பி. இல்லாதவரா என்ற கேள்விக்கு வந்தான்.

பூஜ்யம்.

எட்வின் காகிதத்தை இழுத்து மறுபடியும் பார்த்தான். அதை எப்படித் தேடினான் என்று விளக்கினான். புள்ளிகளை எடுத்துவிட்டு, பட்டியல் முழுவதிலும் டி என்ற எழுத்து எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வி. பி எங்கெங்கே என்று இன்னொரு கேள்வி. இரண்டு பதிலையும் ஒரு கட்டம் தள்ளி ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், இரண்டு எழுத்தும் ஒட்டி நிற்கிற இடமெல்லாம் தெரிந்துவிடும். அந்த எழுத்து இருக்கிற ஆளைத் தள்ளு... அவ்வளவுதான் அவன் சொன்னது.

"தள்ளினவங்களைப் பாக்க முடியுமா அண்ணா?" என்றாள் ஸ்டெல்லா.

"ரொம்ப ஈஸி."

அலை மாதிரி ஒரு குறி இருக்கிறது. அதை முன்னால் போட்டால் ஒன்றெல்லாம் பூஜ்யமாகிவிடும், பூஜ்யமெல்லாம் ஒன்றாகிவிடும். தட்டினான். இத்தனை நாள் யாரும் பார்க்காத பட்டியல் வரி வரியாக வெளியே வந்தது.

ஸ்டெல்லா படித்துச் சொன்னாள். முதலில் அவள்தான். பெயர், வயது, படிப்பு எல்லாம் சரி. விலாசம்: டி.பி. ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸ். அடுத்து எங்கள் பக்கத்து வீட்டு நர்ஸின் மகள். அடுத்து ஆஸ்பத்திரி எதிரில் பழக்கடை வைத்திருப்பவரின் தம்பி. அவருக்கும் ஆஸ்பத்திரிக்கும் உள்ள சம்பந்தம் ஆரஞ்சுப் பழம் மட்டுமே. ஒருவர் குறிப்பில், எங்கள் குடும்பத்தில் யாருக்கும் டி.பி. கிடையாது என்று மெனக்கெட்டு எழுதியிருந்தார். அவரும் போய்விட்டார். இல்லை என்று சொன்னவர் போய்விட்டார். ஒன்றுமே சொல்லாதவர் நின்றுவிட்டார்.

இன்னொரு வரியைப் பார்த்து எட்வின் தலையில் கை வைத்துக்கொண்டான். ரோஸ்மேரி டீச்சரின் மகன்.

அவன் ஏன் விழுந்தான்? பாங்க் டீமில் ஃபுட்பால் ஆடுகிறான் என்று டீச்சர் பெருமையாக எழுதிக் கொடுத்திருக்கிறார். ஃபுட்பாலை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவில் டி-யும் பி-யும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றனவாம். பங்கிலேயே திடகாத்திரமான பையனை மெஷின் க்ஷயரோகி என்று தள்ளிவிட்டது. மூன்று பேரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அது சிரித்ததால் மட்டும் வந்த நீர் இல்லை. எங்களைத் தள்ளியது மனிதர்கள் இல்லை, எழுத்துதான் என்ற ஆறுதலும் அதில் இருந்தது.

பட்டியலில் இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது.

ஸ்டெல்லா அதைப் படிக்கும்போது குரல் தணிந்துவிட்டது. பெயர் லாரன்ஸ். பீர்க்கன்கரணை. பல்லாவரம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இரும்பு கடைகிற டர்னர். குறிப்பு: டி.பி. இருந்தது. மருந்து முழுவதும் சாப்பிட்டாகிவிட்டது. குணமாகி இரண்டு வருடம். எக்ஸ்ரே காட்டத் தயார்.

யாரும் சிரிக்கவில்லை.

"இவர் ஒருத்தர்தான் நெஜமாவே மாட்டினவர்" என்றான் எட்வின்.

எனக்கு வேறொன்று தோன்றியது. இத்தனை குடும்பத்தில் அந்த நோய் எட்டிப் பார்த்த வீடு ஒன்றே ஒன்றுதானா? ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸிலேயே குடியிருக்கிறவனுக்கு, வந்து போகிற முகங்கள் சில தெரியும். ஹாலில் அன்றைக்குத் தலையாட்டியவர்களில் யார் யார் என்று... வேண்டாம். அதை நான் சொல்ல மாட்டேன். எழுதிக் கொடுத்தவர் ஒருவர். அவ்வளவுதான் விஷயம்.

திரும்பும்போது எட்வின் கிண்டியிலேயே நின்றுவிட்டான். ரயிலில் ஸ்டெல்லா ஜன்னல் பக்கம். மீனம்பாக்கம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா."

"ம்."

"அந்தக் கடைசி வரி... போய்ப் பாத்துட்டு வரீங்களா?"

நான் மறுபடியும் "ம்" என்றேன். என்ன அர்த்தத்தில் என்று எனக்கே தெரியாது.

உங்களிடம் மறைப்பானேன். எனக்கு வந்தது பயம். இது குணமாகிற நோய்தான், முட்டையைச் சாப்பிடு, பாலைக் குடி, வீட்டுக்குப் போகலாம் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறவன் நான். டாக்டர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். குணமாகிப் படியிறங்கிப் போகிறவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் அடுத்த வீட்டுக்கு. என் வீட்டுக்கு என்றால் மட்டும் எங்கிருந்தோ ரோஸ்மேரி டீச்சரின் குரல் வருகிறது. அதை மொதல்ல கழிச்சுடுங்க.

ரெஜினாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"தெனம் அவங்களுக்குப் பால் ஊத்தற கைதான இது. பொண்ணு குடுக்கறதுன்னா மட்டும் நடுங்குதா?"

நான் கையைத் துண்டில் துடைத்தேன்.

"எனக்குந்தான் நடுங்குது" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எட்வின் புதுக் காகிதம் ஒட்டினான். இந்தத் தடவை விலாசத்தை விட்டுவிட்டு, குறிப்பை ஒவ்வொன்றாகக் கண்ணால் படித்துப் பார்த்து மெஷினைக் கேட்டிருந்தான். ஃபுட்பால் கதை அதற்குள் பங்கு முழுக்கப் பரவிவிட்டது. எல்லாரும் ரோஸ்மேரி டீச்சரைப் பிடித்துக்கொண்டார்கள். அவரும் சளைக்கவில்லை.

"எம் பையனுக்கா டி.பி.? அவன் ஒரு ஒதை விட்டான்னா பந்து வண்டலூர்ல போய் விழும்."

என்னிடமும் வந்தார். உங்கள் பெண்ணையும் அநியாயமாகத் தள்ளிவிட்டதாமே, விலாசம் வேறு, வியாதி வேறு இல்லையா என்று வருத்தப்பட்டார். மனசார வருத்தப்பட்டார். கெட்டவர் இல்லை.

புதுப் பட்டியலில் ஸ்டெல்லா இருந்தாள். நர்ஸ் மகள் இருந்தாள். பழக்கடைக்காரர் தம்பி, ஃபுட்பால் பையன், எல்லாரும் இருந்தார்கள். லாரன்ஸ் இல்லை.

இந்தத் தடவை மெஷின் எந்தத் தப்பும் செய்யவில்லை.

அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். போன ஞாயிறு என் மகள் பெயர் இல்லாத காகிதத்தின் முன்னால் நின்ற அதே இடம். கூட்டத்தில் ஒரு அம்மாள் காகிதத்தை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் ஓரமாக நகர்ந்து போனார். அந்த நகர்வு எனக்குத் தெரியும். எழுத்துக் கூட்டாமலே படிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

மறுநாள் காலை தொட்டியில் முட்டை இறக்கினேன். வழக்கம்போல் சில மேலே வந்தன.

எங்கள் சமையலறையில் ஒரு வழக்கம் உண்டு. மிதக்கிற முட்டையை அப்படியே குப்பைக்கூடையில் வீசுவதில்லை. தனிக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்ப்போம். மிதப்பதெல்லாம் கெட்டதில்லை. கொஞ்சம் நாளானதால் உள்ளே காற்று சேர்ந்து மிதக்கும். உடைத்தால் மஞ்சள் கரு கலங்காமல், சுத்தமாக இருக்கும். கிண்ணத்தை மூக்குப் பக்கம் கொண்டுபோனால் தெரிந்துவிடும். தொட்டி சொல்வதைக் கேட்போம். ஆனால் தூக்கிப்போடுவது தொட்டியின் வேலை இல்லை.

அன்று சாயங்காலம் ரெஜினாவிடம், ஞாயிற்றுக்கிழமை பீர்க்கன்கரணைக்குப் போகலாம் என்றேன். அவள் எந்தப் புடவை என்று மட்டும் கேட்டாள்.

நாங்கள் கிளம்பும்போது ஸ்டெல்லா வாசல் வரை வந்தாள்.

"அப்பா, அங்க காபி குடுத்தாங்கன்னா..."

முடிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

ஏரிக்கரைக்குக் கொஞ்சம் தள்ளிச் சின்ன ஓட்டு வீடு. வருகிறோம் என்று சாமியார் மூலம் முன்பே சொல்லி அனுப்பியிருந்தோம். கதவைத் திறந்தது கோயிலில் ஓரமாக நகர்ந்து போன அதே அம்மாள்தான். லாரன்ஸுக்கு முப்பது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, சுறுசுறுப்பான கண். எக்ஸ்ரே உறையை மேஜைமேல் எடுத்து வைத்திருந்தார். நாங்கள் கேட்பதற்கு முன்பே கொடுக்கக் கையை நீட்டினார். நீட்டியவர் என் கையைப் பார்த்தார்.

"நீங்க கிச்சன் ஜன்னல்ல பால் ஊத்துவீங்க இல்ல?"

ஆமாம் என்றேன்.

"அந்த ஜன்னல் ரொம்பத் தாழ்வு. மொகத்தைப் பாத்ததே இல்ல. கையை மட்டுந்தான் பாப்பேன். இந்தச் சூட்டுத் தழும்பு... ஒரு நாள் பால் அடிப்பிடிச்சுப் போச்சு. அன்னிக்கும் இதே கைதான்."

ரெஜினா வாய்விட்டுச் சிரித்தாள். எக்ஸ்ரேயைப் பார்க்க எனக்குத் தெரியாது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு உறையில் போட்டேன்.

அவர் அம்மா காபி கொண்டு வந்தார். டம்ளர் இரண்டும் பளபளவென்று இருந்தன. ஒன்றின் விளிம்பில் கடைக்காரன் ஒட்டிய சீட்டு பாதி ஒட்டிக்கொண்டிருந்தது. என் முன்னால் வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார். என் கையையே பார்த்தார்.

"புதுசுங்க. உங்களுக்குன்னே வாங்கியாந்தது. இன்னும் யாரும் வாய் வெக்கல."

எங்கள் வீட்டு முருங்கை மரம் நினைவுக்கு வந்தது. இவர்கள் வீட்டிலும் கொல்லையில் ஏதோ ஒரு மரம் இருக்கும்.

எடுத்துக் குடித்தேன். முழுவதும் குடித்தேன். அப்புறம் என் வாழ்நாளில் எந்த வீட்டிலும் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"இன்னும் கொஞ்சம் கெடைக்குமாம்மா? நீங்க குடிக்கற டம்ளர்லயே குடுங்க."

அந்த அம்மாள் அவசரமாக உள்ளே போய்விட்டார். அடுப்பங்கரையிலிருந்து திரும்பி வரக் கொஞ்சம் நேரமானது. வந்த டம்ளர் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது.

காபியில் சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி... சம்பந்தியம்மாளிடம் அதைக் கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.